இடைமறி ஏவுகணைகள்: இலக்கைத் தொடர்தலும் இலக்கு மாற்றலும் - ஒரு வரலாறு

எதிரி ஏவிய ஏவுகணையையோ அதன் வெடிமுனையையோ வானிலேயே அழிப்பதற்காக ஏவப்படும் ஏவுகணை இடைமறி ஏவுகணை எனப்படுகிறது. இத்தகைய கருவியைப் பற்றிப் பேசும்போது அதன் வேகமே பெரும்பாலும் முதன்மையாகக் கூறப்படுகிறது. எனினும் கடந்த 70 ஆண்டுகளின் வரலாற்றைப் பார்த்தால், வேகமான ராக்கெட்டைச் செய்வது தீர்க்கக்கூடிய சிக்கலாகவே இருந்துள்ளது. வானில் தென்படும் பல பொருள்களில் எதைத் தொடர்வது, எதை விடுவது, எந்தக் கணத்தில் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறுவது என்ற முடிவே மிகக் கடினமானது. அந்த முடிவு தவறியபோது உயிர்கள் போயிருக்கின்றன. தொடர்தலும் இலக்கு மாற்றலும் எவ்வாறு வளர்ந்தன, எங்கெங்கு பிழைத்தன என்பதை இக்கட்டுரை காலவரிசையில் விளக்குகிறது.

தொடர்தல் என்பது என்ன?

ரேடார் ஒரு பொருளை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அது ரேடியோ அலைத் துடிப்பை அனுப்புகிறது. பொருளின் மீது பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பெறுகிறது. எதிரொலி வர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தொலைவும், கற்றை நோக்கிய கோணத்திலிருந்து திசையும் கிடைக்கின்றன. ஆக, ரேடாருக்குக் கிடைப்பது தனித்தனிப் புள்ளிகள் மட்டுமே. அந்தப் புள்ளிகளை இணைத்து ஒரு பாதையாக ஆக்குவதே தொடர்தல்.

இதில் நான்கு படிகள் உள்ளன. முதலில், இதுவரை கிடைத்த புள்ளிகளைக் கொண்டு பொருளின் வேகமும் திசையும் கணக்கிடப்படுகின்றன. இரண்டாவதாக, அடுத்த துடிப்பின்போது அது எங்கே இருக்கும் என்று முன்கணிக்கப்படுகிறது. மூன்றாவதாக, முன்கணித்த இடத்தைச் சுற்றி ஒரு சிறு பகுதி வரையறுக்கப்பட்டு, அதற்குள் மட்டும் எதிரொலி தேடப்படுகிறது. இந்தப் பகுதிக்குத் தொலைவு வாயில் என்று பெயர். நான்காவதாக, வாயிலுக்குள் எதிரொலி கிடைத்தால் பழைய கணிப்பும் புதிய அளவீடும் சேர்க்கப்பட்டுப் பாதை திருத்தப்படுகிறது. கணிப்பையும் அளவீட்டையும் எந்த விகிதத்தில் நம்புவது என்பதற்கு 1960இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட கணித முறை இன்றுவரை அடிப்படையாக விளங்குகிறது. அது கால்மன் வடிகட்டி என அழைக்கப்படுகிறது.

மாணவர்களுக்குக் கிரிக்கெட் விளையாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு கூறலாம். உயரே எழும்பிய பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர் பந்து இப்போது இருக்கும் இடத்துக்கு ஓடுவதில்லை. அது வந்து விழப்போகும் இடத்துக்கே ஓடுகிறார். இடைமறி ஏவுகணையும் அப்படித்தான். விநாடிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வெடிமுனை, ஒரு விநாடி தாமதித்தால் 7 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

ஒரே நேரத்தில் பல பந்துகள் வானில் இருந்தால் சிக்கல் கூடுகிறது. ஒரே உருவமுள்ள இரட்டையர் இருவர் ஒரே சீருடையில் பள்ளி மைதானத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கடந்தபின், இவர்களில் முன்பு பார்த்தவர் யார் என்று சொல்வது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் இரண்டு எதிரொலிகள் அருகருகே வரும்போது எது எந்தப் பாதைக்குரியது என்று பிரிப்பது. 1979இல் டொனால்டு ரீட் இதற்கு ஒரு முறையை முன்வைத்தார். உடனே ஒரு முடிவுக்கு வராமல், சாத்தியமான பல கருதுகோள்களையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த அளவீடுகள் வர வரப் பொருந்தாதவற்றைக் களைவதே அம்முறை.

தொடக்கம்: எதிர்ப்பற்ற ஏவுகணை

1944 செப்டம்பர் 8 அன்று ஜெர்மனியின் வி-2 ஏவுகணைகள் லண்டனைத் தாக்கத் தொடங்கின. ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் வந்ததால், வெடித்த பிறகே அதன் இரைச்சல் கேட்டது. ஏவப்பட்டதிலிருந்து விழும்வரை சுமார் 5 நிமிடமே ஆனது. விமானங்களைச் சுட்டு வீழ்த்தப் பழகியிருந்த பீரங்கிப் படையால் எதுவும் செய்ய இயலவில்லை. ஏவுதளங்களைத் தேடிக் குண்டு வீசுவதும், அப்பகுதிகளைத் தரைப்படை கைப்பற்றுவதுமே வழியாக இருந்தன. பறந்துவரும் ஏவுகணையை வானிலேயே தடுக்க முடியுமா என்ற கேள்வி அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

ஒரு ரேடாருக்கு ஓர் இலக்கு: நைக் காலம்

அமெரிக்கா 1954இல் நைக் ஏஜாக்ஸ் என்ற விமான எதிர்ப்பு ஏவுகணையைப் பணியில் நிறுத்தியது. பெல் ஆய்வுக்கூடம் வடிவமைத்த இந்த அமைப்பில் மூன்று முதன்மைப் பணிகளுக்குத் தனித்தனி ரேடார்கள் இருந்தன. ஒன்று வானைத் துழாவி விமானங்களைக் கண்டது. இரண்டாவது, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு விமானத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொடர்ந்தது. மூன்றாவது, தாம் ஏவிய ஏவுகணையைத் தொடர்ந்தது. தரையிலிருந்த கணிப்பொறி இரண்டு பாதைகளையும் ஒப்பிட்டு, அவை சந்திக்கும் புள்ளிக்கு ஏவுகணையைத் திருப்பும் கட்டளைகளை ரேடியோ வழியாக அனுப்பியது. ஏவுகணைக்கு என்று தனிக் கண் கிடையாது.

இந்த அமைப்பில் இலக்கு மாற்றம் என்பது இயந்திர வேலை. ரேடாரின் தட்டு மோட்டாரால் திருப்பப்பட்டது. ஓர் இலக்கு முடிந்த பின்பே தட்டை அடுத்த இலக்கை நோக்கித் திருப்பி, பிடித்து, பாதையை மீண்டும் கணக்கிட வேண்டும். எனவே ஒரு படைப்பிரிவு ஒரு நேரத்தில் ஓர் இலக்கை மட்டுமே எதிர்கொள்ள முடிந்தது. மெதுவாக வரும் குண்டுவீச்சு விமானங்களுக்கு இது ஓரளவு போதுமானதாக இருந்தது.

அடுத்து வந்த நைக் ஜியூஸ் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளைத் தடுப்பதற்காகத் திட்டமிடப்பட்டது. 1962இல் பசிபிக் பெருங்கடலின் குவாஜலின் பவளத்தீவில் இது சோதிக்கப்பட்டது. கலிபோர்னியாவிலிருந்து ஏவப்பட்ட அட்லஸ் ஏவுகணையின் முனையை நோக்கி, 1962 ஜூலை 19 அன்று ஜியூஸ் சென்று ஏறக்குறைய 2 கிலோமீட்டர் அருகில் கடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இடைவெளி சில நூறு மீட்டராகக் குறைந்தது. ஜியூஸ் அணு வெடிமுனை தாங்குவதாக இருந்ததால் அந்த நெருக்கம் போதும் என்று கருதப்பட்டது.

எனினும், வேறொரு குறை வெளிப்பட்டது. ஜியூஸும் ஓர் இலக்குக்கு ஒரு தொடர் ரேடார் என்ற பழைய முறையையே சார்ந்திருந்தது. எதிரி ஒரே நேரத்தில் ரேடார்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலான வெடிமுனைகளை அனுப்பினால், எஞ்சியவை தடையின்றி வந்துவிடும். வெடிமுனையுடன் மலிவான பொய் இலக்குகளைக் கலந்து அனுப்பினாலும் ரேடார்கள் அவற்றிலேயே முடங்கிவிடும். இக்காரணங்களால் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மக்னமாரா 1963இல் ஜியூஸை நிறுவும் திட்டத்தைக் கைவிட்டு, நைக்-எக்ஸ் என்ற புதிய ஆய்வுக்கு மாறினார்.

சோவியத் ஒன்றியத்தின் முதல் வெற்றி

இதே காலத்தில் சோவியத் ஒன்றியம் கஜகஸ்தானின் சாரி ஷகான் பகுதியில் தனது சோதனைகளை நடத்தியது. தலைமை வடிவமைப்பாளர் கிரிகோரி கிசுன்கோ. 1961 மார்ச் 4 அன்று வி-1000 என்ற இடைமறி ஏவுகணை, ஆர்-12 ஏவுகணையின் வெடிமுனையைச் சுமார் 25 கிலோமீட்டர் உயரத்தில் அழித்தது. பாலிஸ்டிக் ஏவுகணையின் வெடிமுனை வானில் அழிக்கப்பட்டது உலகில் இதுவே முதல்முறை. இதில் அணுகுண்டு பயன்படுத்தப்படவில்லை. சிதறும் உலோகக் குண்டுகள் நிரப்பிய வெடிமுனையே போதுமானதாக இருந்தது.

கிசுன்கோவின் முறை தனித்தன்மை உடையது. ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் நிறுத்தப்பட்ட மூன்று துல்லிய ரேடார்கள் ஒரே பொருளின் தொலைவை அளந்தன. மூன்று தொலைவுகள் தெரிந்தால் வானில் ஒரு புள்ளியைத் துல்லியமாகக் குறிக்கலாம் என்பது பள்ளி வடிவியலிலேயே வருவதுதான். ஆனால் மூன்று ரேடார்களும் ஒரே வெடிமுனைக்கு என்றால், பல வெடிமுனைகள் வரும்போது இந்த முறையும் திணறும். துல்லியத்துக்காகக் கொடுத்த விலை எண்ணிக்கையில் தெரிந்தது.

கற்றையைத் திருப்பும் ரேடார்

நைக்-எக்ஸ் ஆய்வின் மையம் கட்ட அணி ரேடார். இதில் தட்டு அசைவதில்லை. தட்டையான முகப்பில் ஆயிரக்கணக்கான சிறு அலைபரப்பிகள் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் வெளியிடும் அலையின் கட்டத்தைச் சிறிதளவு முன்பின்னாக மாற்றினால், எல்லா அலைகளும் சேர்ந்து வலுப்பெறும் திசை மாறுகிறது. அதாவது, அசையாத பலகையிலிருந்தே கற்றை திரும்புகிறது. மோட்டாரால் திருப்ப நேரமெடுத்த வேலை இப்போது ஒரு விநாடியின் மிகச் சிறு பகுதியில் முடிந்தது.

இதனால் இலக்கு மாற்றத்தின் பொருளே மாறியது. ரேடார் ஓர் இலக்கை விட்டு மற்றொன்றுக்குப் போவதற்குப் பதிலாக, தன் நேரத்தைப் பல இலக்குகளுக்குப் பங்கிடத் தொடங்கியது. ஒரு கணம் வானைத் துழாவுதல், அடுத்த கணம் முதல் இலக்கைச் சரிபார்த்தல், அதற்கடுத்த கணம் இரண்டாவது இலக்கு, பின்பு தன் ஏவுகணைக்குக் கட்டளை என்று ஒரே கருவி சுழற்சியில் பணி செய்தது. இப்போது பற்றாக்குறை தட்டுகளில் இல்லை. ரேடாரின் நேரத்திலும் ஆற்றலிலும் கணிப்பொறியின் திறனிலும் இருந்தது. எந்த இலக்கை எத்தனை முறை பார்ப்பது என்று முன்னுரிமை வகுப்பது நிரலின் பொறுப்பானது.

பொய் இலக்குகளைப் பிரிக்க இயற்கையே ஓர் உதவி செய்தது. காற்றில்லாத வெளியில் இறகும் இரும்புக்குண்டும் ஒரே வேகத்தில்தான் செல்லும். எனவே விண்வெளியில் செல்லும் பலூனையும் வெடிமுனையையும் பாதையை வைத்துப் பிரிக்க இயலாது. வளிமண்டலத்துக்குள் நுழைந்ததும் எடை குறைந்த பலூன்கள் வேகம் குறைந்து பின்தங்கிவிடும். கனமான வெடிமுனை மட்டும் முன்னே வரும். ஆனால் அதுவரை காத்திருந்தால் தரையை அடையச் சில விநாடிகளே மிஞ்சும். அந்தச் சில விநாடிகளுக்காகவே ஸ்பிரின்ட் என்ற ஏவுகணை செய்யப்பட்டது. புவியீர்ப்பைப் போல் சுமார் 100 மடங்கு முடுக்கத்துடன் அது பாய்ந்தது. ஸ்பிரின்ட்டின் அசாதாரண வேகம், இலக்கைத் தேர்ந்தெடுக்கக் கூடுதல் நேரம் பெறுவதற்காகவே தேவைப்பட்டது என்பதை இங்குக் கவனிக்க வேண்டும்.

இயற்பியலாளர்கள் ரிச்சர்ட் கார்வினும் ஹான்ஸ் பெத்தேயும் 1968 மார்ச் மாதம் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய கட்டுரை, இத்தகைய அமைப்பை எளிய பொய் இலக்குகளாலும், அணு வெடிப்பால் ரேடாரை மறைப்பதாலும் ஏமாற்ற முடியும் என்று விளக்கியது. 1970இல் ஒரே ஏவுகணையில் மூன்று தனித்தனி வெடிமுனைகளைத் தாங்கும் மினிட்மேன்-3 பணிக்கு வந்தது. இலக்குகளின் எண்ணிக்கை பெருகும் வேகத்துக்கு இடைமறிப்பு ஈடுகொடுக்க முடியாது என்பதை இரு வல்லரசுகளும் உணர்ந்தன. 1972 மே 26 அன்று ஏவுகணை எதிர்ப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது.

அமெரிக்காவின் சேஃப்கார்டு அமைப்பு வடக்கு டகோட்டாவில் ஒரே இடத்தில் நிறுவப்பட்டது. நெகோமா என்ற ஊரில் பிரமிடு போன்ற கட்டடத்தின் நான்கு முகங்களிலும் ரேடார் பதிக்கப்பட்டது. 1975 அக்டோபர் 1 அன்று அது முழுச் செயல்பாட்டுக்கு வந்தது. மறுநாளே பிரதிநிதிகள் அவை அதை மூட வாக்களித்தது, 1976இல் மூடப்பட்டது. அதன் தொலைநோக்கு ரேடார் மட்டும் வேறு பணிகளுக்காகத் தொடர்ந்து இயங்கி வருகிறது.

தஹ்ரான், 1991: தவறான இடத்தில் தேடிய வாயில்

தொடர்தலின் நான்கு படிகளில் ஒன்று பிழைத்தால் என்ன ஆகும் என்பதை வளைகுடாப் போர் காட்டியது. அமெரிக்காவின் பேட்ரியாட் அமைப்பு கட்ட அணி ரேடாரைக் கொண்டது. ஒரே நேரத்தில் பல இலக்குகளைத் தொடரவல்லது. முதலில் விமானங்களுக்கு எதிராக வடிவமைக்கப்பட்ட இது, பின்னர் ஏவுகணைகளுக்கும் ஏற்ப மாற்றப்பட்டது. ஓரிடத்தில் சில மணி நேரம் மட்டும் இயங்கி, பின் இடம் மாறும் என்பதே வடிவமைத்தவர்களின் எதிர்பார்ப்பு.

பேட்ரியாட்டின் கணிப்பொறி நேரத்தை ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணியது. நம் பதின்ம முறையில் 0.1 என்பது எளிய எண். இரும முறையில் அது முடிவில்லாமல் நீளும். பதின்ம முறையில் மூன்றில் ஒன்று 0.333... என்று நீள்வதைப் போல. கணிப்பொறியில் 24 இரும இலக்கங்களுக்கே இடமிருந்ததால் மீதி வெட்டப்பட்டது. வெட்டுப்பட்ட அளவு ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் சுமார் 0.000000095. மிகச் சிறியதுதான். ஆனால் 100 மணி நேரத்தில் 36,00,000 பத்திலொரு விநாடிகள் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் பிழை ஏறக்குறைய 0.34 விநாடி.

ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விநாடிக்குச் சுமார் 1,676 மீட்டர் வேகத்தில் வந்தது. 0.34 விநாடியில் அது அரைக் கிலோமீட்டருக்கும் மேல் சென்றுவிடும். நேரத்தை மாற்றும் திருத்திய கணக்கு நிரலின் சில பகுதிகளில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்ததால், பிழைகள் ஒன்றையொன்று நீக்கவும் இல்லை. விளைவாக, தொலைவு வாயில் ஸ்கட் இல்லாத இடத்தில் திறந்தது.

1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இது நடந்தது. அங்கிருந்த பேட்ரியாட் 100 மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து இயங்கிக்கொண்டிருந்தது. ரேடார் ஸ்கட்டை முதலில் கண்டது. அடுத்துத் தேட வேண்டிய இடத்தைக் கணித்தது. அந்த இடத்தில் எதுவும் இல்லாததால், முதலில் கண்டது பொய்த் தடயம் என்று முடிவு செய்து விட்டுவிட்டது. இடைமறி ஏவுகணை ஏவப்படவே இல்லை. ஸ்கட் படைவீரர்கள் தங்கியிருந்த கூடத்தின் மீது விழுந்து 28 பேர் இறந்தனர். அவர்களில் 13 பேர் பென்சில்வேனியாவிலிருந்து சில நாள்களுக்கு முன்பே வந்திருந்த, குடிநீர் சுத்திகரிக்கும் ஒரு பிரிவினர்.

அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 1992இல் வெளியிட்ட அறிக்கை இதைவிட வருத்தம் தரும் விவரங்களைக் கூறுகிறது. 8 மணி நேரம் இயங்கினாலே வாயில் நகர்வது பற்றி இஸ்ரேலியர்கள் பிப்ரவரி 11 அன்றே தரவு தந்திருந்தனர். 20 மணி நேரம் தொடர்ந்து இயங்கினால் ஸ்கட்டைத் தொடர முடியாமல் போகும் என்பது கணக்கில் தெரிந்தது. பிப்ரவரி 21 அன்று, மிக நீண்ட நேரம் இயக்கினால் பிழை வரலாம் என்று படைப்பிரிவுகளுக்குச் செய்தி அனுப்பப்பட்டது. ஆனால் எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. திருத்திய நிரல் பிப்ரவரி 16 அன்று வெளியிடப்பட்டு, தஹ்ரானுக்கு 26ஆம் நாள், அதாவது இறப்புகளுக்கு மறுநாள், வந்து சேர்ந்தது. கணிப்பொறியை அணைத்து மீண்டும் இயக்கியிருந்தால் பிழை சுழியிலிருந்து தொடங்கியிருக்கும். அதற்குத் தேவைப்பட்ட நேரம் 60 முதல் 90 விநாடிகள்.

அதே போரில் வேறொரு சிக்கலும் தெரிந்தது. தொலைவு கூட்டுவதற்காக நீட்டிக்கப்பட்ட ஈராக்கிய ஏவுகணைகள் வளிமண்டலத்துக்குள் நுழையும்போது தாமாகவே உடைந்தன. எவரும் திட்டமிடாமலேயே உடைந்த பாகங்கள் பொய் இலக்குகளாயின. பேட்ரியாட் வெடிமுனையை விட்டு உடற்பகுதிகளைத் துரத்திய நிகழ்வுகள் உண்டு. போர்க்காலத்தில் மிக உயர்ந்த வெற்றி விகிதம் அறிவிக்கப்பட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தியடோர் போஸ்டல், ஜார்ஜ் லூயிஸ் ஆகியோர் ஒளிப்பதிவுகளை ஆராய்ந்து அதை மறுத்தனர். வெடிமுனை அழிந்ததற்கு மிக வலுவான சான்று ஏறக்குறைய 9 விழுக்காட்டு நிகழ்வுகளுக்கே உள்ளது என்று தணிக்கை அலுவலகமும் கூறியது.

2003: நண்பனை எதிரியாகக் கொண்டது

தஹ்ரானில் உண்மையான இலக்கு பொய்யெனக் கருதப்பட்டது. 2003 ஈராக் போரில் இதற்கு நேர்மாறானது நடந்தது. மார்ச் 23 அன்று, பணி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த பிரித்தானிய டொர்னாடோ விமானத்தைப் பேட்ரியாட் தன்னை நோக்கி வரும் ஏவுகணை என்று வகைப்படுத்திச் சுட்டு வீழ்த்தியது, இருவர் இறந்தனர். ஏப்ரல் 2 அன்று அமெரிக்கக் கடற்படையின் எஃப்-18 விமானம் அதேபோல் வீழ்த்தப்பட்டு விமானி இறந்தார்.  இவ்விரு நிகழ்வுகளிலும் இலக்கு எது என்ற கருவியின் தீர்ப்பு தவறானது. கருவி சொன்னதை ஆராய்ந்து மறுக்க, இயக்குபவர்களுக்குக் கிடைத்தவை சில விநாடிகள் மட்டுமே.

மோதுகலம்: பறந்துகொண்டே தேர்ந்தெடுத்தல்

அணு வெடிமுனையை விட்டுவிட்டு, நேரடியாக மோதி அழிக்கும் முறைக்கு அமெரிக்கா மாறியபோது, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஓரளவு ஏவுகணைக்கே சென்றது. 1984 ஜூன் 10 அன்று, மூன்று தோல்விகளுக்குப் பின், வளிமண்டலத்துக்கு வெளியே ஒரு போலி வெடிமுனையின் மீது ஒரு மோதுகலம் நேரடியாக மோதியது. அகச்சிவப்பு உணரியால் இலக்கின் வெப்பத்தைக் கண்ட அந்தக் கலம், மோதுமுன் குடைக்கம்பிகளைப் போன்ற உலோகச் சட்டத்தை விரித்துத் தன் அகலத்தைக் கூட்டிக்கொண்டது.

இன்றைய நீண்ட தூர அமைப்பில் தரை ரேடார்கள் இலக்குத் தொகுதியைத் தொடர்ந்து, மோதுகலத்துக்கு வழிகாட்டுகின்றன. ஊக்கி ராக்கெட்டிலிருந்து பிரிந்த பின், கலம் தன் உணரியால் பார்க்கிறது. அதன் முன் வெடிமுனை, எரிந்து தீர்ந்த ராக்கெட்டின் பாகம், பலூன்கள், சிதறல்கள் எனப் பல புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றின் வெப்பம், ஒளிர்வு மாறும் விதம், சுழற்சி ஆகியவற்றை எதிர்பார்த்த பண்புகளோடு ஒப்பிட்டு ஒன்றைத் தேர்கிறது. பக்கவாட்டுச் சிறு உந்திகளால் தன் பாதையைத் திருத்துகிறது.

இங்கு இலக்கு மாற்றத்துக்கு ஒரு கால எல்லை உண்டு. எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். இரண்டு பொருள்கள் ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன என்று கொள்வோம். ஒன்றை நோக்கிச் செல்லும் கலம் மற்றொன்றுக்கு மாற வேண்டும். கடந்த தூரம் முடுக்கத்தின் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கியதற்குச் சமம் என்பது நாம் அறிந்த வாய்பாடு. மோத 10 விநாடி இருந்தால் தேவையான பக்கவாட்டு முடுக்கம் விநாடி வர்க்கத்துக்கு 20 மீட்டர். அதாவது புவியீர்ப்பைப் போல் இரு மடங்கு. 5 விநாடி இருந்தால் 80 மீட்டர், 8 மடங்கு. 2 விநாடியே இருந்தால் 500 மீட்டர். சுமார் 50 மடங்கு. நேரம் பாதியாகும்போது தேவை நான்கு மடங்காகிறது. உள்ள எரிபொருளும் மிகக் குறைவு. ஆகவே தாமதமாகச் செய்யும் சரியான தேர்வும் பயனற்றுப் போகலாம்.

1999 அக்டோபர் 2 அன்று நடந்த சோதனை இதற்கு நல்ல சான்று. மோதுகலம் எதிர்பார்த்த திசையிலிருந்து விலகியிருந்தது. அதன் பார்வையில் முதலில் பட்டது வெடிமுனையைவிட ஒளி மிகுந்த பலூன். பின்னர் அது பலூனை விட்டு வெடிமுனையைக் கண்டு அதன் மீது மோதியது. பொய் இலக்கை ஒதுக்கும் திறனுக்கு இது சான்று என்று அதிகாரிகள் கூறினர். பெரிய பலூன் இல்லாதிருந்தால் கலம் இலக்கின் இருப்பிடத்தையே கண்டிருக்காது, பலூன் வழிகாட்டிப் பலகையாகவே உதவியது என்று திறனாய்வாளர்கள் வாதிட்டனர். ஒரே நிகழ்வு இருவிதமாகப் பொருள் கொள்ளப்பட்டது. அடுத்த சோதனை 2000 ஜனவரியில், அகச்சிவப்பு உணரியைக் குளிர்விக்கும் குழாயின் கோளாறால் தோற்றது.

ஓர் ஊக்கியில் ஒரே கலம் என்பதால், தவறான தேர்வுக்குப் பரிகாரம் இல்லை. ஒரே ஊக்கியில் பல சிறு கலங்களை வைத்து, ஐயத்துக்குரிய எல்லாவற்றையும் தாக்கும் திட்டம் தொடங்கப்பட்டு 2009இல் கைவிடப்பட்டது. மாற்றுவழி, ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு ஏவுகணைகளை அனுப்புவது. 2019 மார்ச் 25 அன்று கலிபோர்னியாவிலிருந்து இவ்வாறு இரண்டு ஏவப்பட்டன. குவாஜலினிலிருந்து வந்த இலக்கின் வெடிமுனையை முதலாவது தாக்கியது. பின்னால் வந்த இரண்டாவது, சிதறல்களையும் எஞ்சிய பொருள்களையும் ஆராய்ந்தது. வேறு வெடிமுனை இல்லை என்று கண்டு, எஞ்சியவற்றில் மிக ஆபத்தானதாகத் தோன்றிய பொருளைத் தேர்ந்து அதன் மீது மோதியது. பறந்துகொண்டிருக்கும்போதே இலக்கை மாற்றிய நிகழ்வாக இது குறிப்பிடத்தக்கது. சோதனையின் நேரமும் சூழலும் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

பிற நாடுகள்

இஸ்ரேலின் அயர்ன் டோம் 2011 ஏப்ரல் 7 அன்று முதன்முதலில் ஒரு ராக்கெட்டை இடைமறித்தது. அதன் சிறப்பு, எதைச் சுடாமல் விடுவது என்று தீர்மானிப்பதில் உள்ளது. ராக்கெட் விழப்போகும் இடத்தைக் கணக்கிட்டு, மக்கள் இல்லாத வெளியில் விழும் என்றால் அதை விட்டுவிடுகிறது. குறுகிய தூர ராக்கெட்டின் பாதை எளியது. பொய் இலக்குகளும் வழக்கமாக இருப்பதில்லை. எனவே அதன் வெற்றியைக் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளின் இடைமறிப்புடன் ஒப்பிடுவது பொருந்தாது.

இந்தியாவில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் 2006 நவம்பர் 27 அன்று ஒடிசா கடற்கரைக்கு அப்பால் வளிமண்டலத்துக்கு வெளியேயான இடைமறிப்பையும், 2007 டிசம்பர் 6 அன்று வளிமண்டலத்துக்குள்ளான இடைமறிப்பையும் சோதித்தது. உயரத்தில் ஓர் அடுக்கு, தாழ்வில் ஓர் அடுக்கு என்ற இந்த அமைப்பு, முதல் அடுக்கில் தப்பியதை இரண்டாவது அடுக்கு மீண்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வாய்ப்பளிக்கிறது. சுடு, பார், மீண்டும் சுடு என்ற கொள்கையே இதன் அடிப்படை.

முடிவுரை

நைக் காலத்தில் இலக்கு மாற்றத்தைத் தடுத்தது திரும்ப நேரமெடுத்த ரேடார் தட்டு. கட்ட அணி ரேடார் அந்தத் தடையை நீக்கியது. உடனே வெடிமுனைகளும் பொய் இலக்குகளும் பெருகின. தேர்வு ஏவுகணைக்குள்ளேயே சென்றபோது, எஞ்சிய விநாடிகளும் எரிபொருளும் புதிய தடைகளாயின. ஒவ்வொரு முன்னேற்றமும் கேள்வியை இடம் மாற்றியதே தவிர முடித்துவைக்கவில்லை. அமெரிக்கா 2002இல் 1972ஆம் ஆண்டின் ஒப்பந்தத்திலிருந்து விலகிய பிறகு, அந்தக் கேள்வி மீண்டும் பல நாடுகளின் கேள்வியாகியுள்ளது.

இன்று தொலைக்காட்சியில் வானில் ஒளிக்கீற்றுகள் சந்திப்பதைக் காண்போர், அங்கே ஊடுருவ முடியாத கவசம் ஒன்று இருப்பதாக எண்ணக்கூடும். மோதல் நடந்ததா என்பதோடு, எதன் மீது மோதியது, எத்தனை பொருள்கள் வந்தன, எவை விடப்பட்டன என்றும் கேட்டால்தான் உண்மை தெரியும். தஹ்ரானில் ஏவுகணை பழுதாகவில்லை, ரேடாரும் பழுதாகவில்லை. வெட்டப்பட்ட ஒரு பின்னமும், மணிக்கணக்கு குறிப்பிடாத ஓர் எச்சரிக்கையும் 28 உயிர்களுக்குக் காரணமாயின. கணிதத்தில் தோராயம் எழுதும்போது அதன் பிழை எவ்வளவு என்றும் எழுத வேண்டும் என்று வகுப்பறையில் வற்புறுத்துவதன் காரணத்தை மாணவர்கள் இந்த வரலாற்றிலிருந்து நன்கு உணரலாம்.